அடிக்காத அலாரம்

வாயு ஆலையின் கன்ட்ரோல் ரூமில் வேலை என்று சொன்னால், ஊரில் பலரும் அதை ஏசி அறையில் உட்கார்ந்து பொத்தான் அழுத்தும் உத்தியோகமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஏசி உண்டு என்பது உண்மைதான். ஆனால் பொத்தான் அழுத்துவது பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் மிகச் சொற்பம், மீதி நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

வளைகுடா நாடொன்றில், கடலுக்கடியிலிருந்து வரும் இயற்கை வாயுவைச் சுத்திகரித்துத் திரவமாக்கும் ஆலையில் பதினோரு ஆண்டுகளாகப் பேனல் ஆபரேட்டராக இருக்கிறேன். மீத்தேனை ஏறக்குறைய மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்தால் அதன் கன அளவு அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும், அப்போதுதான் கப்பலில் ஏற்றிக் கட்டுப்படியாகும். ஆனால் அந்தக் குளிரில் வாயுவோடு வரும் நீரும் கார்பன் டை ஆக்சைடும் உறைந்து குழாய்களை அடைத்துவிடும் என்பதால், அவற்றையும் நச்சுத்தன்மை கொண்ட ஹைட்ரஜன் சல்பைடையும் முன்கூட்டியே நீக்கியாக வேண்டும். என் மேசையின் பொறுப்பில் இருப்பது கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜன் சல்பைடையும் நீக்கும் பகுதி: உயரமான கோபுரம் ஒன்றில் வாயு கீழிருந்து மேலே ஏற, அவற்றை உறிஞ்சும் அமீன் என்ற ரசாயனக் கரைசல் மேலிருந்து கீழே இறங்கி அதைக் கழுவும். வெளியேறும் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு 4 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் நான்கு பங்கைத், தாண்டக் கூடாது. 100 பிபிஎம் அளவில் மூக்கே மரத்துப்போய், அழுகிய முட்டை நாற்றம் இருக்கும்போதே இல்லாததுபோலத் தோன்றும் என்பதால், இங்கே எவரும் மூக்கை நம்புவதில்லை. சட்டைப்பையில் குத்திய டிடெக்டரைத்தான் நம்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஜனவரி மாதத்து இரவு ஷிப்ட் அது. பாலைவனக் குளிர் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கியிருந்தது. மூன்று மணி வாக்கில், கோபுரத்தின் மேலுக்கும் கீழுக்குமான அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் கோடு, அதுவரை தண்ணீர் மட்டம்போல் நேராகப் போய்க்கொண்டிருந்தது, சிறிது சிறிதாக ஏறி அலையத் தொடங்கியது. அடித்தட்டின் அமீன் மட்டம் மறுபுறம் குறைந்துகொண்டே வந்தது. உள்ளே நுரை கட்டுகிறது என்பதற்கான அடையாளம் அது; நுரை மேலேறினால் அமீன் வாயுவோடு அடுத்த பகுதிக்குப் போய்விடும். உள்ளே வரும் வாயுவைக் குறைத்தேன், நுரை அடக்கும் மருந்தைச் சிறிதளவு செலுத்தினேன். அந்த மருந்தை அளவுக்கு மிஞ்சிக் கொட்டினால் அதுவே நுரையைக் கூட்டும், ஆகவே கை அடங்கவேண்டிய இடம் அது. கோடு சற்றே தணிந்து, மீண்டும் ஏறியது.

ரேடியோவில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது விதி. ஆனால் அன்று களத்தில் இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி. அமீனை விசிறிக் காற்றால் குளிர்விக்கும் கூலர் பக்கம் ஒருமுறை போய்ப் பார்க்கச் சொன்னபோது, பதற்றத்தில் அவருக்குத் தமிழ்தான் வந்தது.

“அண்ணே, நாலு விசிறியும் ஓடுது, லூவரும் முழுசாத் தெறந்து கெடக்கு. இந்தக் குளிருக்கு எதுக்குண்ணே இவ்வளவு காத்து?”

அந்தக் கேள்விதான் விடை. திரையைப் பார்த்தேன்: உள்ளே வரும் வாயு 32 டிகிரி, கோபுரத்துக்குள் இறங்கும் அமீன் 30 டிகிரி. அமீன் வாயுவைவிட ஐந்து டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயுவிலுள்ள கனமான ஹைட்ரோகார்பன்கள் உள்ளேயே திரவமாகி அமீனில் கலந்து நுரையை உண்டாக்கும். பகல் ஷிப்டில் கூலரில் நடந்த பராமரிப்புக்காகக் கன்ட்ரோலரை மேனுவலுக்கு மாற்றியவர்கள் மறுபடி ஆட்டோவில் போட மறந்திருந்தார்கள். ஷிப்ட் மாறும்போது, திரையில் ஆட்டோவின் A, மேனுவலின் M ஆகியிருந்த அந்த ஒற்றை எழுத்து மாற்றத்தைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டது நான். இரண்டு விசிறிகளை நிறுத்திய பின், அமீன் 37 டிகிரிக்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரமானது. வெளியேறும் வாயு 3.2 பிபிஎம் வரை தொட்டுவிட்டு இறங்கியது. மிச்ச வாயுவை எரிக்கும் ஃபிளேர் சுடர் சிறிதும் உயரவில்லை என்பதால், வெளியே தூங்கியவர்களுக்கு அன்று எதுவுமே நடக்கவில்லை.

எனக்கு இன்றும் உறுத்துவது மறதியல்ல, அந்த இரவில் வெப்பநிலை பற்றி ஓர் அலாரம்கூட அடிக்கவில்லை என்பதுதான். 32 டிகிரியும் தன் வரம்புக்குள், 30 டிகிரியும் தன் வரம்புக்குள்; இரண்டுக்கும் இடையிலான உறவு முறிந்திருந்தது, அதற்கென்று அலாரம் வைக்க எவருக்கும் தோன்றவில்லை. அலாரம் பெருகினாலும் ஆபத்துதான்: 1994இல் வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்புக்கு முந்தைய சுமார் 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் 275 அலாரங்கள் வந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து, 1998 செப்டம்பர் 25 அன்று, ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்ட் வாயு ஆலையில், சூடான எண்ணெய் ஓட்டம் நின்று வெப்பப் பரிமாற்றி ஒன்று மைனஸ் 48 டிகிரிவரை குளிர்ந்து நொறுங்கும் நிலையில் இருந்தபோது, அதனுள் மறுபடி சூடான எண்ணெயை விட்டதில் உலோகம் பிளந்தது. இருவர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள், மெல்போர்ன் நகரம் இரண்டு வாரம் அளவுக்கு வாயுவின்றித் தவித்தது. நிறுவனம் ஆபரேட்டர்கள்மேல் பழி போட்டது. விசாரணை ஆணையம் அதை ஏற்காமல், அந்த ஆபத்தை அவர்களுக்கு உரிய முறையில் கற்றுக்கொடுக்காததையே குறையாகச் சொன்னது. அந்த அறிக்கையைப் பற்றிப் படித்தபோது, எங்கள் கோபுரத்து 30 டிகிரி நினைவுக்கு வந்தது.

மறுவாரம் இரண்டு வெப்பநிலைகளின் வித்தியாசத்தைக் கணக்கிட்டு ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் அடிக்கும் அலாரம் வேண்டும் என்று விண்ணப்பம் போட்டேன். மாற்ற ஒப்புதல், ஆய்வு, கையெழுத்து என்று சுற்றி, ஏழு மாதம் கழித்து, அதாவது நல்ல கோடையில், அது திரையில் ஏறியது. அந்த அலாரம் இப்போதும் இருக்கிறது. ஆனாலும் நவம்பர் பிறந்தால், ஒவ்வொரு மணிக்கும் அந்த இரண்டு எண்களையும் என் குறிப்பேட்டில் கையால் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கிறேன்.