எடையும் ஏறவில்லை, நடக்கவும் இல்லை: தட்டு, நாற்காலி, தரை

ஒன்றரை வயதுக் குழந்தை எடை ஏறாமல், நடக்கவும் தொடங்காமல் இருந்தால் வீட்டில் இரண்டு தனிப் பேச்சு ஓடும். எடைக்கு ஒரு சத்துப் பவுடர், நடைக்கு ஒரு வாக்கர் என்று அது முடியும். பல குழந்தைகளிடம் இந்த இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். இடுப்பும் முதுகும் நிலையாக இல்லாத குழந்தைக்கு மெல்வதும் விழுங்குவதும் பெரும்பாடு. போதிய சாப்பாடு உள்ளே போகாத குழந்தைக்குத் தசை சேராது, எழுந்து நிற்கத் தெம்பும் இருக்காது. ஆகவே சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலில் எடை உண்மையிலேயே ஏறவில்லையா என்று தெரியவேண்டும். ஒரே தராசு, சாப்பிடுமுன், துணியும் டயப்பரும் இல்லாமல். இதில் கறார் தேவை. இரண்டாம் வயதில் மாதம் முழுக்க ஏறுவதே சுமார் 200 கிராம்தான். நனைந்த டயப்பர் ஒன்றே அவ்வளவு கனக்கும். மாதம் ஒருமுறை நிறுத்தால் போதும். தினமும் நிறுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தைப் போர்க்களமாக்குவதுதான் மிச்சம். உயரத்தை 2 வயது வரை படுக்கவைத்தும், பிறகு நிற்கவைத்தும் அளப்பார்கள். 2 வயது தாண்டியும் நிற்க முடியாத குழந்தையைப் படுக்கவைத்தே அளந்து 0.7 செ.மீ. கழிக்க வேண்டும்.

அளவுகளை உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சி வரைபடத்தில் குறியுங்கள். ஆண், பெண் இருவருக்கும் தனித்தனி வரைபடம் உண்டு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு 2 வயது வரை, எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அதைக் கழித்து வயதைக் கணக்கிட வேண்டும். ஒரு புள்ளியை வைத்து எதுவும் சொல்ல முடியாது, கோடு போகும் திசைதான் பேசும். ஒல்லியான பெற்றோரின் குழந்தை கீழ்க்கோட்டை ஒட்டியே சீராக ஏறினால் பெரும்பாலும் அது அதன் உடல்வாகு. நடுக்கோட்டில் இருந்தது இரண்டு கோடு தாண்டிக் கீழே இறங்கினால் காரணம் தேட வேண்டும். எடை முதலில் சரிந்து, உயரம் பின்னால் சரிந்தால் உள்ளே போகும் உணவு போதவில்லை, அல்லது உடலில் ஒட்டவில்லை. உயரமே முதலில் பின்தங்கினால் மருத்துவர் ஹார்மோன் பக்கம் பார்ப்பார். தலைச்சுற்றளவு குன்றினால் அது வேறு விசாரணை.

இனி தட்டு. தேறவேண்டிய குழந்தைக்கு எவ்வளவு கலோரி வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: அதன் உயரத்துக்கு இருக்கவேண்டிய எடையை இப்போதைய எடையால் வகுத்து, 120-ஆல் பெருக்குவது. 9 கிலோ இருக்கவேண்டிய குழந்தை 8 கிலோ இருந்தால், கிலோவுக்கு 135 கலோரி, நாளொன்றுக்கு சுமார் 1,080. சாதாரணமாகக் கிலோவுக்கு 80 கலோரியே போதும். ஆனால் ஒருவேளைக்கு அதன் வயிறு கொள்வது 240 மில்லி அளவுதான். அளவைக் கூட்ட முடியாது என்பதால் அதே கிண்ணத்தின் கனத்தைக் கூட்ட வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுமார் 45 கலோரி. மசித்த எந்த உணவிலும் அது கலந்துவிடும், அளவு கூடியதும் தெரியாது. முட்டை, வெண்ணெய், வழுவழுப்பாக அரைத்த கொட்டை விழுது எல்லாமே இந்த வேலையைச் செய்யும். முழுக் கொட்டை மட்டும் 5 வயது வரை வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும். நீர்த்த கஞ்சியும் சூப்பும் வயிற்றை நிரப்புமே தவிர எடை தராது.

எடை ஏறாத வீடுகளில் கட்டாயம் எண்ணிப் பார்க்கவேண்டியது பால். ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் பசும்பால் குடிக்கும் குழந்தைக்குப் பசியே எடுக்காது. பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு, இருப்பதை உடல் ஏற்கவும் பால் தடையாகிறது. இரத்தசோகை வந்தால் பசி இன்னும் மந்தமாகும், அசைவும் மந்தமாகும். மருத்துவர் தந்த இரும்புச்சத்து மருந்தைப் பாலோடு கொடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

மூன்று வேளை உணவு, இரண்டு மூன்று சிறுதீனி, இடையில் இரண்டரை மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும். கையில் பிஸ்கட்டோடு நாள் முழுக்கக் கொறிக்கும் குழந்தைக்குப் பசி என்ற ஒன்றே தெரியாமல் போகும். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு 30 நிமிடம்தான் உச்சம். அதன்பின் உள்ளே போவது சொற்பம், அழுகைதான் அதிகம். வாயைப் பிடித்துத் திணிப்பதும், போனைக் காட்டி அது அசரும் நேரம் பார்த்து ஊட்டுவதும் இந்த வாரம் வேலை செய்வதுபோல் தெரியும். சில மாதத்தில் கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பும்.

நாற்காலியை யாரும் கவனிப்பதில்லை. தசை தளர்ந்த குழந்தையை உயர நாற்காலியில் உட்காரவைத்துப் பாருங்கள்: இடுப்பு முன்னால் வழுக்கும், முதுகு வளையும், முகவாய் மேலே தூக்கும், கால்கள் அந்தரத்தில் ஆடும். அந்த நிலையில் நம்மாலேயே ஒழுங்காக விழுங்க முடியாது. இடுப்பை நாற்காலியின் பின்பக்கம் ஒட்ட உட்காரவையுங்கள். சுருட்டிய துண்டை இருபக்கமும் இடுப்பை ஒட்டிச் செருகுங்கள். பாதம் முழுதாகப் பதிய ஒரு பெட்டியோ பலகையோ கட்டிவிடுங்கள். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணமாக மடங்க வேண்டும். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். ஊட்டுபவர் குழந்தையின் கண்மட்டத்தில் உட்கார்ந்தால் அது தலையை அண்ணாக்காது. இவ்வளவு செய்ததுமே புரையேறுவது குறைவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

சரியாக உட்காரவைத்தும் தண்ணீர் குடிக்கும்போது இருமல், சாப்பிட்டபின் தொண்டையில் சளி கரகரப்பது போன்ற ஈரக் குரல், அடிக்கடி நெஞ்சுச்சளி, ஒவ்வொரு வேளையும் முக்கால் மணி நேரம் என்றால் விழுங்குவதிலேயே கோளாறு இருக்கலாம். அங்கே கலோரிக் கணக்கு உதவாது. விழுங்கல் பயிற்சி அறிந்த பேச்சுப் பயிற்சியாளர் பார்க்க வேண்டும்.

அடுத்தது தரை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் ஆரோக்கியமான குழந்தைகள் பிடிமானமின்றி உட்கார்ந்தது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள், தனியாக நடந்தது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். தவழாமலே நடந்த குழந்தைகளும் அதில் உண்டு. எனவே 13 மாதத்தில் நடக்கவில்லை என்று பதற ஒன்றுமில்லை. 18 மாதம் தாண்டினால் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

வாக்கர் வேண்டாம். கனடா 2004-லேயே விற்பனையைத் தடைசெய்துவிட்டது. படிகளில் உருளும் ஆபத்து ஒருபுறம். கால்விரல் நுனியால் உந்திப் பழகும் குழந்தைக்கு எடையைக் குதிகாலில் தாங்கவும், தடுமாறி நிலைக்கு வரவும் வாய்ப்பே கிடைப்பதில்லை. அதற்குப் பதில், பாதம் தரையில் படும் உயரத்தில் ஒரு குட்டி ஸ்டூல் போதும். வெறுங்காலோடு உட்காரவைத்து, பொம்மையைச் சற்று முன்னால், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். எழுந்து எடுத்து மறுபடி உட்கார வேண்டும்; ஐந்தாறு முறை போதும். எழ உதவி வேண்டுமென்றால் கைகளைத் தூக்கிப் பிடிக்காமல் இடுப்பைப் பிடியுங்கள். கையைத் தூக்கினால் உங்கள் தோள்தான் பலமாகும். சோபாவைப் பிடித்து நிற்கும் குழந்தைக்குப் பொம்மையைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போங்கள். அதுவும் பக்கவாட்டில் அடியெடுக்கும். பிறகு சோபாவுக்கும் நாற்காலிக்கும் இடையே ஒரு கை எட்டும் இடைவெளி விடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து பத்து நிமிடம், நாளில் பலமுறை. சாப்பிட்டவுடன் வேண்டாம், சாப்பாட்டுக்கு அரைமணி முன் செய்தால் பசியும் வரும், ஆனால் களைத்துத் தூங்கிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று நாள் உணவுக் குறிப்பு கொண்டுபோங்கள். தட்டில் போட்டது பாதி உண்மைதான், மீந்ததையும் எழுதினால்தான் கணக்கு நேராகும். சாப்பிடுவதையும் எழ முயல்வதையும் எடுத்த சிறு வீடியோக்கள் அங்கே பெரிய உதவி, மருத்துவமனை அறையில் எந்தக் குழந்தையும் வழக்கம்போல் இருப்பதில்லை. இரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் டி, பி12 ஆகியவற்றை ஏன் பார்க்கிறார்கள் என்றால், இவை எடையையோ அசைவையோ, பல சமயம் இரண்டையும் பாதிப்பவை, மருந்தில் சரியாகக்கூடியவை. மணிக்கட்டு தடித்து, கால் வளைந்திருந்தால் வைட்டமின் டி குறைபாடு முதல் சந்தேகம். 18 மாதத்தில் நடக்காத ஆண் குழந்தைக்கு சிகே என்ற தசை நொதிப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். தசைச்சிதைவு நோயை அது சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

மாதக் கணக்குப் பார்க்காமல் உடனே போகவேண்டியவையும் உண்டு: முன்பு செய்யத் தெரிந்திருந்ததை இழப்பது, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, உடல் விறைப்பு, மேற்கையின் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே போவது.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் ஒரு மாத எடை ஒரு வாரத்தில் போய்விடும், அப்போது நடைப் பயிற்சியை நிறுத்தி வையுங்கள். குணமான பின் இரண்டு வாரத்துக்கு தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். பசி திரும்பும் அந்த நாட்களில்தான் குழந்தை தானாகவே கிண்ணத்தை நீட்டும்.