குளத்துக்கரை உடையும் முன் என்ன காட்டும்?

2019 ஜூலை 2 இரவு, மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே அணை உடைந்து, கீழே இருந்த குடியிருப்பை வாரிக்கொண்டு போனது. பத்தொன்பது பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அது மண் அணை. தண்ணீர் கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். உடைந்த பிறகு, நண்டு துளைத்ததுதான் காரணம் என்று அன்றைய அமைச்சர் ஒருவர் சொன்னார். வயல் வரப்பை நண்டு உடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் அடியில் அத்தனை தடிமன் கொண்ட அணையை ஒரு நண்டு வளை இந்தப்புறத்திலிருந்து அந்தப்புறம் கடக்காது. கேட்க வேண்டியது கசிவைப் பற்றித்தான்.

குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்று அணைகளின் மட்டத்தைப் பேப்பரில் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். உபரி நீர் திறந்தால் குழித்துறை ஆற்றங்கரைக்கு எச்சரிக்கை வருகிறது. குளங்களுக்கு இதில் எதுவும் கிடையாது. குளத்துக்கரையும் மண் அணைதான் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. அதோடு இங்குள்ள பல குளங்கள் தொடர் குளங்கள். மறுகால் என்பது குளம் நிறைந்ததும் உபரி நீர் வழிகிற இடம். மேல்குளத்து மறுகால் தண்ணீர்தான் கீழ்க்குளத்துக்கு வரத்து. மேலே ஒன்று உடைந்தால், ஏற்கெனவே நிறைந்து நிற்கும் கீழ்க்குளத்தின் மேல் அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து விழும்.

முதலில் பார்க்க வேண்டியது மறுகால். பத்து மீட்டர் நீள மறுகாலில் அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விழுந்தால் நொடிக்குச் சுமார் 6 கனமீட்டர் வெளியேறும். மீன் குத்தகைக்காரர் கட்டிய வலையில் ஆகாயத்தாமரையும் தென்னை ஓலையும் சிக்கி, பாதி நீளம் அடைபட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியேற்றம் 3 கனமீட்டராகிவிடும், வரத்து அதே 6. இருபத்தைந்து ஏக்கர் குளமென்றால் முதல் மணி நேரத்திலேயே மட்டம் ஏறத்தாழ 9 செ.மீ. ஏறும். பழைய 6 கனமீட்டரை வெளியேற்ற, 50 செ.மீ. போதுமாக இருந்த இடத்தில் இப்போது 80 செ.மீ. வேண்டும். கரையில் எங்கோ ஓர் இடம் மறுகால் மட்டத்திலிருந்து 60 செ.மீ. உயரத்தில் தாழ்ந்து கிடந்தால், இரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீர் அதன் வழியே வழிய ஆரம்பித்துவிடும்.

அப்படித் தாழ்ந்த இடம் அநேகமாக எல்லாக் குளத்திலும் இருக்கும். டிராக்டர் ஏறி இறங்குகிற இடம், மாடு கடக்கிற தடம், பழைய உடைப்பை அடைத்த இடம். கரையின் உயரம் என்பது அதன் மிகத் தாழ்ந்த இடத்தின் உயரம்தான். மழைக்கு முன்பு ஒரு நீண்ட டியூபில் தண்ணீர் நிரப்பி, மறுகால் மட்டத்தோடு கரை நெடுக ஒப்பிட்டுப் பாருங்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற அதே டியூப் போதும்.

மீனுக்காக மறுகாலை மறிப்பது இங்கே மட்டும் நடக்கும் தப்பில்லை. 1889 மே 31 அன்று அமெரிக்காவின் ஜான்ஸ்டவுனில் 2,209 பேரைக் கொன்ற அணை உடைப்பிலும், மீன் தப்பாமலிருக்க உபரி நீர்ப் பாதையில் கம்பி வலை போட்டிருந்தார்கள். வண்டி போக வேண்டுமென்று அணையின் தலையையும் தாழ்த்தியிருந்தார்கள். மறுகாலில் வலை கட்டக்கூடாது என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதி வாங்க வேண்டும். கூடுதல் தண்ணீர் தேக்க மறுகால் மேல் மணல்மூட்டை அடுக்கும் விவசாயிகளுக்கும் இதே பேச்சுதான்.

அடுத்தது கசிவு. எல்லாக் கசிவும் ஆபத்தில்லை. மண்கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். தண்ணீர் தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்பதே முக்கியம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, அசைக்காமல் பத்து நிமிடம் வைத்தால் தெரியும். அடியில் மண் படிந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது, உள்ளே குழாய்போல் ஒரு துளை வளர்ந்துகொண்டிருக்கிறது. நேற்றுத் தெளிவாக வந்தது இன்று கலங்கினாலும், மழை கூடாமலே அளவு கூடினாலும் அப்படித்தான். முதலில் மடையின், அதாவது பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வாயின், இரு பக்கமும் பாருங்கள். மடைக் குழாயின் அடிவயிற்றில் மண்ணை யாரும் ஒழுங்காக இடிப்பதில்லை, சிமெண்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் தண்ணீர் வழி தேடிக்கொள்கிறது. கரையில் வெட்டிப்போட்ட தென்னை, புளி மூடுகளையும் பாருங்கள். வேர் மட்கிய இடம் வெறும் துளையாகிவிடும். பெருச்சாளிப் பொந்தும் அதே கணக்கு.

கரைக்கு வெளியே அடிவாரத்தில் ஊற்றுபோல் பொங்கி, சுற்றிலும் மணல் வட்டம் கட்டினால் அது அவசரநிலை. அங்கே எல்லாரும் செய்கிற தப்பு, களிமண்ணை அள்ளி ஊற்றின் வாயை அடைப்பது. தண்ணீர் நிற்காது, பக்கத்தில் வேறு வாய் திறக்கும். தண்ணீரை விட வேண்டும், மண்ணைத்தான் பிடித்து நிறுத்த வேண்டும். ஊற்றின் மேல் முதலில் பருமணல், அதன்மேல் சிறு ஜல்லி, மேலே பெருங்கல் என்று பரப்புங்கள். அல்லது சுற்றிலும் மணல்மூட்டையை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீர் ஏற விடுங்கள். அந்தத் தண்ணீரின் பாரமே கீழிருந்து வரும் வேகத்தைக் குறைக்கும். கலங்கல் தெளிந்ததும் அடுக்குவதை நிறுத்திவிட்டு, மேலே வழிய ஒரு வாய் வையுங்கள். அடைப்பதெல்லாம் குளத்துப் பக்கம் மட்டும். நீரில் சுழி தெரிந்தால் அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு, களிமண் மூட்டையால் அமுக்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்டாமல் யாரும் இறங்கக் கூடாது. கூடவே மடையைத் திறந்து மட்டத்தை இறக்குங்கள். அவசரம் இல்லாதபோது ஒரே நாளில் ஓர் அடிக்கு மேல் இறக்க வேண்டாம், ஊறிய உட்கரை சரியும்.

கரைமேல் தண்ணீர் வழியத் தொடங்கி, வெளிச்சரிவு அரிந்து பள்ளம் விழுந்தால் அங்கே வேலை செய்ய எதுவும் இல்லை. ஆட்கள் கரையை விட்டு இறங்க வேண்டும். கரைக்குக் கீழும் மறுகால் ஓடையை ஒட்டியும் இருக்கிற வீடுகளை உடனே மேட்டுக்கு அனுப்ப வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. அடுத்த கீழ்க்குளத்து ஊருக்கும் அதே நேரத்தில் போன் போக வேண்டும். தண்ணீர் வந்து சேர்வதற்குள் மறுகாலைச் சுத்தம் செய்ய அவர்களுக்குக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும்.

உடைந்ததை அடைப்பதிலும் தப்பு நடக்கிறது. ஜேசிபி வைத்து லோடு லோடாகச் செம்மண்ணைத் தட்டி, மேலே ஓட்டி மிதித்துவிட்டுப் போகிறார்கள். அடுத்த மழையில் அதே இடம்தான் உடையும். உடைந்த இரு முகத்தையும் செங்குத்தாக விடாமல் சரிவாகப் படி வெட்டி, சேற்றை அள்ளி வெளியேற்றிவிட்டு, 15 முதல் 20 செ.மீ. கனத்தில் ஒவ்வோர் அடுக்காகப் போட்டு ரோலர் ஓட்ட வேண்டும். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. அந்த ஈரம்தான் சரியான பதம். மடைக் குழாயைச் சுற்றி ரோலர் எட்டாது, 10 செ.மீ. அடுக்காகக் கையால் இடிக்க வேண்டும். மண் பின்னால் அமரும், அதனால் தலைமட்டத்தைச் சற்று உயர்த்தியே முடியுங்கள்.

இதற்கெல்லாம் காலம், குமரியின் இரண்டாம் போக நெல்லான கும்பப்பூ அறுவடை முடிந்த பிறகுதான். கோதையாறு பாசனத் தண்ணீர் பிப்ரவரி 28ல் நின்று ஜூன் 1ல் திரும்பத் திறக்கும். இடையில் மூன்று மாதம். கோடைமழை வலுப்பதற்குள் மடை வாயும் மறுகால் தளமும் கண்ணுக்குத் தெரிகிற நாட்கள் அதிலும் குறைவு. மனு கொடுக்க நினைப்பவர்கள் அப்போதே படம் எடுத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலையோ மண்வெட்டியையோ வைத்து, குளத்தின் சர்வே எண்ணோடு கொடுங்கள்.