பிபிஎஃப் செய்முறைத் தேர்வு: மீட்டர் டேப்பை எடுக்கும் முன் டயருக்குப் பின்னால் பாருங்கள்

பிபிஎஃப் என்றால் பெயிண்டைக் காக்க வண்டியின் மேல் ஒட்டும் தெளிவான ஃபிலிம். அதை ஒட்டும் செய்முறைத் தேர்வின் ரிசல்ட் வந்தாச்சு, இனி ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. ஒட்டும் பகுதியில் யாரும் பெரிதாக மார்க் விடவில்லை. குமிழியும் தூசியும் விரல் தடமும் கைப்பழக்கத்தில் சரியாகிவிடுகிற விஷயம். விட்டதெல்லாம் ஜாப் கார்டில்தான் (வண்டிக்கு என்ன வேலை என்று எழுதும் தாள்): “இந்த வண்டிக்கு எவ்வளவு ஃபிலிம்? காரணத்துடன் எழுதுக.” இதற்கு “ஃபுல் பாடி” என்று ஒரே வரியில் முடித்தவர்களுக்குப் பாதி மார்க்கூடத் தேறவில்லை. எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அது வண்டியைப் பார்க்காமல் எழுதிய பதில்.

கார்டின் தலைப்பிலேயே விடை இருக்கிறது. உரிமையாளர் எந்த ஊர், வண்டி தினமும் எங்கே ஓடும் என்று அங்கே எழுதியிருப்பார்கள். நம் பக்கத்தில் கேள்வி பெரும்பாலும் மூன்று வகைதான்.

முதல் வகை, கும்பகோணம் டவுனுக்குள்ளேயே சுற்றும் வண்டி. கல் அடிபடாது. பைக் ஹேண்டில் உரசும், பக்கத்து வண்டியின் கதவு இடிக்கும், கைப்பிடிக் குழிக்குள் நகக் கீறல் விழும். பம்பரின் நான்கு மூலை, கதவு விளிம்புகள், கைப்பிடிக் குழிகள், சைடு மிரர் போதும். இதற்கு முழு பானெட் எழுதினால் எக்ஸாமினர் “எந்தக் கல்லுக்கு?” என்று கேட்பார், பதில் இருக்காது.

இரண்டாம் வகை, அடிக்கடி சென்னைக்கோ திருச்சிக்கோ நெடுஞ்சாலையில் ஓடும் வண்டி. முன்பக்கம் முழுதும்: பம்பர், பானெட், இரண்டு ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு), ஹெட்லைட், மிரர், ஏ-பில்லர் (முன்கண்ணாடியின் ஓரத் தூண்), கூரையின் முன்விளிம்பில் ஒரு பட்டை. மழைக்காலத்து விளக்குப் பூச்சி பானெட்டில் நசுங்கி ஓரிரு நாள் வெயிலில் காய்ந்தால் கிளியர்கோட்டில் (பெயிண்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சு) தழும்பு விழும். அந்தத் தழும்பைப் பெயிண்டுக்குப் பதில் ஃபிலிம் வாங்கிக்கொள்கிறது. ஃபிலிம் போட்டதால் கழுவ வேண்டாம் என்று அர்த்தமில்லை.

மூன்றாம் வகையில்தான் எல்லோரும் விழுந்தார்கள். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி பக்கம் வயலுக்குப் போய்வரும் வண்டி. ஆற்றங்கரைச் சாலையில் எதிரே வைக்கோல் டிராக்டர் வந்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்கினால் சீமைக்கருவேல முள் பக்கவாட்டில் கோடு கிழிக்கும். ஜல்லி பெயர்ந்த ரோட்டில் கல் எதிரில் வரும் வண்டியிலிருந்து வருவதைவிட, நம் முன் டயரிலிருந்துதான் அதிகம் கிளம்புகிறது. கிளம்பி எங்கே போய் அடிக்கிறது? முன் டயருக்குப் பின்னால் கதவின் அடிப்பகுதியில், பிறகு பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் வளைவில். அந்த வளைவைக் குனிந்து பார்த்தால், ஒரு வருடம் ஓடிய எந்த வண்டியிலும் மணல்தாள் தேய்த்த மாதிரி பொரிந்து கிடக்கும். பானெட்டை விட்டாலும் விடலாம், இந்த இடத்தை விடக் கூடாது. (டயருக்குப் பின்னால் தொங்கும் மட் ஃபிளாப் இல்லையென்றால் அதை முதலில் எழுதுங்கள். ஃபிலிமுக்கு ஆகும் செலவில் அது ஒரு மூலைகூட இல்லை. ஒரு எக்ஸாமினர் இதற்குத் தனி மார்க்கே போட்டார்.)

நாகப்பட்டினம், வேதாரண்யம் என்று கார்டில் வந்தால் உப்புக்காற்றைக் காட்டி ஃபுல் பாடி எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். துரு கிளம்புவது அடித்தகட்டிலும், தகடு மடிந்த இடுக்கிலும், பெயிண்ட் பெயர்ந்த புள்ளியிலும். முதல் இரண்டுக்கு ஃபிலிம் போய்ச்சேராது, கீழ்ப்பக்க ஆன்டி-ரஸ்ட் பூச்சுதான் பதில். மூன்றாவதைத் தடுக்க மேலே சொன்ன இடங்களே போதும்.

அடுத்து மீட்டர் கணக்கு. ரோல் 1.52 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். கையால் வெட்டும்போது ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. கூடுதல். இதுவரை தெரியும். பானெட் 140 செ.மீ. அகலம், 100 செ.மீ. நீளம் என்று கொடுத்தால் எல்லோரும் 150 × 110 என்று போட்டு, ரோலுக்குக் குறுக்கே வைத்து 1.10 மீட்டர் என எழுதிவிடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் அதே கார்டில் கதவு அடிப்பட்டையும் இருக்கிறது: கூடுதலையும் சேர்த்து முன் கதவுக்கு 90, பின் கதவுக்கு 65, உயரம் 21, வண்டியின் இரண்டு பக்கமும். இந்த நான்கு துண்டையும் குறுக்கே அடுக்கினால் 90-உம் 65-உம் சேர்ந்து 155, ரோல் அகலத்தில் 3 செ.மீ. இடிக்கும். ஆக மூன்று வரிசை, 63 செ.மீ. மொத்தம் 1.73 மீட்டர்.

பானெட்டைத் திருப்புங்கள். 150 ரோலின் நீளவாக்கில், 110 அகலவாக்கில். பக்கத்தில் 42 செ.மீ. பட்டை மிஞ்சும். அதை இரண்டாகப் பிளந்தால் 21, 21. ரோலை 1.55 மீட்டரில் வெட்டினால் பானெட்டும் நான்கு கதவுப் பட்டைகளும் அதிலேயே முடிந்துவிடும். 18 செ.மீ. லாபம். சின்னதாகத் தோன்றும், ஆனால் பின் சக்கர வளைவுக்கான துண்டுகள் இந்த மிச்சத்தில்தான் வருகின்றன. பம்பரும் இப்படித்தான்: சக்கரத்திலிருந்து சக்கரம் வரை சுற்றி அளந்தால் 1.52-ஐத் தாண்டும், குறுக்கே வைக்கவே முடியாது. நீளவாக்கில் வைத்து, பக்கத்தில் மிஞ்சும் அகலத்தில் ஃபெண்டர்களை அடக்கப் பாருங்கள். கார்டின் பின்பக்கம் ஒரு கட்டம் வரைந்து துண்டுகளை அடுக்கிக் காட்டினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேள்வி பாதியாகக் குறையும்.

அரை பானெட் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். ஃபிலிம் முடியும் கோட்டில் அழுக்கு சேர்ந்து, வெள்ளை வண்டியில் ஆறு மாதத்தில் கறுப்பு நூல் ஒட்டிய மாதிரி தெரியும். போட்டால் முழு பானெட், இல்லையேல் வேண்டாம். இது சொந்த அபிப்பிராயம்தான், ஆனாலும் காரணத்தோடு சொன்னால் ஒத்துக்கொள்கிறார்கள்.

வைவாவுக்கு, சும்மா ஓட்டமாக:

- தடிமன் 150 முதல் 200 மைக்ரான். பொருள் டிபியு (தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன்) என்று மட்டும் சொன்னால் போதாது, அலிஃபாட்டிக் டிபியு. அரோமாட்டிக் வகை வெயிலில் மஞ்சளாகும். பிவிசி மஞ்சளாவதோடு விறைத்தும் போகும்.
- கீறல் தானாக மறைவது மேல்பூச்சில் மட்டும், சூடு பட்டால். முள் ஃபிலிமையே கிழித்தால் மறையாது.
- தகடு நசுங்கும் டென்ட்டை ஃபிலிம் தடுக்காது.
- போர் தண்ணீரின் உப்புக்கறை ஃபிலிம் மேலும் படியும். கழுவியதும் துடைக்க வேண்டும்.
- செராமிக் பூச்சு ஃபிலிமுக்கு மேலே, கீழே அல்ல.

விளிம்பு ஏன் தூக்குகிறது என்ற கேள்விக்கு “பசை சரியில்லை” என்று சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் டீலர் டெலிவரிக்கு முன் பூசிய பாலிஷை க்ளே பாரும் (அழுக்கெடுக்கும் களிமண் கட்டி) ஐபிஏவும் (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) வைத்து எடுக்காததுதான் காரணம். அடுத்தது அளவுக்கு மீறி இழுப்பது. பம்பர் மூலையில் இழுத்து ஒட்டியது அன்றைக்கு அழகாக இருக்கும், சித்திரை வெயிலில் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். மூன்றாவது, ஐப்பசி-கார்த்திகை ஈரத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் வடியும் முன் வண்டியை வெளியே விடுவது. ஒரு வாரம் கழுவக் கூடாது. பிறகும் பிரஷர் கன்னை விளிம்புக்கு நேராகப் பிடிக்கக் கூடாது.

இன்னொரு பொறி: புது வண்டிதானே என்று பெயிண்டின் தடிமனை அளக்கும் பெயிண்ட் கேஜை எடுக்காமல் இருப்பது. லாரியில் வரும்போது அடிபட்டு ரீபெயிண்ட் ஆன பேனல் புது வண்டியிலும் இருக்கும். மற்ற பேனல்களில் 100 மைக்ரானை ஒட்டிக் காட்டும் கேஜ் ஒன்றில் மட்டும் 200-ஐத் தாண்டினால், அங்கே ஃபிலிமைப் பிரிக்கும்போது கிளியர்கோட்டும் சேர்ந்து வரலாம் என்று கார்டில் எழுதி உரிமையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் அந்தக் கேஜ் வேலை செய்யாது, அங்கே வைத்துக் காட்டி மானத்தை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

கடைசிக் கட்டத்தைப் பலர் காலியாக விட்டார்கள்: “ஃபிலிம் வேண்டாத பேனல்கள்”. கூரை, டிக்கி மூடி, கதவுகளின் மேல்பாதி என்று எழுதி, பக்கத்தில் “செராமிக் மட்டும்” என்று போடுங்கள். ஆற்றங்கரைச் சாலையில் ஓடும் வண்டியென்றால் கதவின் மேல்பாதியை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். முள் உரசும் உயரம் அதுதான்.