நாய் குரைச்சா பயப்பிடாதேங்கோ (நான் சென்னைக்குப் பறந்த கதை)

2018 ல ஒருக்கா கட்டுநாயக்கா எயார்போட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தனான். டிக்கெட் எடுத்து, பெட்டி கட்டி, திருகோணமலையில ராத்திரி பஸ் ஏறி, போர்டிங் பாஸும் கையில வாங்கி, கேட்டடியில கண்ணாடிக்கு அங்கால நிண்ட பிளேனைப் பார்த்ததுதான், கை ரெண்டும் விறைச்சுப் போச்சு, மூச்சு உள்ள போகுது, வெளிய வரமாட்டனெண்டுது. என்ர மனுசன் தண்ணிப் போத்தல் வாங்கி வாறதுக்குள்ள நான் வந்த வழியே பாதித் தூரம் நடந்திட்டன். ஏத்தின பெட்டியைத் திருப்பி இறக்க வைச்சு, ஒவ்வொருத்தரிட்டயும் விளக்கம் சொல்லி, பிறகு அதே ஹபரணை, அதே கந்தளாய் எண்டு வீட்ட வந்து விழுந்து, அண்ணாக்கு போன் எடுத்து காய்ச்சல் எண்டு பொய் சொன்னன். அண்ணா ஒண்டும் கேக்கேல்ல, "சரி, உடம்பைப் பார்" எண்டார். அவர் 1990 ல மன்னாரால வள்ளத்தில போனவர், சென்னையிலயே இருந்திட்டார்.

2023 ஆவணியில அவற்ற மகளுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. தையில கலியாணம். அவள் என்னை மாமி எண்டு கூப்பிடுறேல்ல, அங்க பிறந்து வளர்ந்த பிள்ளை, அத்தைதான். "அத்தை, நீங்க வரலைன்னா நான் மேடை ஏற மாட்டேன், பார்த்துக்கோங்க" எண்டாள். நானும் வாறன் வாறன் எண்டு சொல்லிட்டு போனை வைச்சிட்டு குசினிக்குள்ள போய் அழுதன்.

முதல்ல நான் தேடினது கப்பல். ஒக்டோபர் 14 காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் கப்பல் ஓடுதெண்டு நியூஸில பார்த்த உடன கோணேசருக்குக் கற்பூரம் கொளுத்தினன், சத்தியமா. ஒரு கிழமை கூட ஓடேல்ல, மாரி துவங்கிட்டுது எண்டு நிப்பாட்டிட்டாங்கள். யாழ்ப்பாணத்துப் பலாலியில இருந்தும் சென்னைக்கு பிளைட் இருக்குத்தானே எண்டு மனுசன் கேட்டார், அது காத்தாடி வைச்ச சின்னப் பிளேன், அதோட பலாலி எண்ட பேரைக் கேட்டதும் அம்மா கத்தத் துவங்கிட்டா. 1998 செப்டம்பர் 29 பலாலியில இருந்து இரத்மலானைக்கு வெளிக்கிட்ட பிளேன் 55 பேரோட மன்னார்க் கடலில போனது இண்டைக்கும் அவவுக்கு நேற்று மாதிரி. ஆகக் கட்டுநாயக்காதான்.

இதை வாசிக்கிற வேற ஊர் ஆக்களுக்கு ஒண்டு சொல்லோணும். எங்கட ஊரில பிளேன் எண்டா லீவுக்குப் போற சாமான் இல்ல. அப்பப்பா எங்களுக்குப் பக்கத்துச் சீனன்குடாவில வேலை செய்தவர், சின்னனில எங்களை நித்திரையாக்க அவர் சொல்லுற கதை 1942 ஏப்ரல் 9 கதைதான், யப்பான்காரன் வந்து குண்டு போட்டதும் ஒரு பிளேன் நேர எண்ணெய்க் குதத்துக்கு மேல விழுந்து அது நாள் கணக்கா எரிஞ்சதும். உருகின இரும்பு இப்பவும் அங்க கிடக்கு. (நித்திரையாக்கிற கதையாம்!) பிறகு எங்கட காலம். 2006 ல அங்கால சம்பூர்ப் பக்கம் கிபிர் எண்ட போர் விமானம் குண்டு அடிக்கேக்க ரவுணில எங்கட வீட்டு யன்னல் கண்ணாடி அதிரும், எனக்கு அப்ப 23 வயசு, சத்தம் கேட்டா கையில இருக்கிறதைப் போட்டிட்டுக் கட்டிலுக்குக் கீழ ஓடுவன். இதெல்லாம் பழசு எண்டு நினைச்சா, கலியாணம் சரிவாறதுக்கு ஒரு கிழமை முந்தி, ஓகஸ்ட் 7, சீனன்குடாவில ஒரு பயிற்சி விமானம் விழுந்து ரெண்டு பேர் செத்துப் போச்சினம். எங்கட வீட்டில இருந்து மூண்டு வீல்ல போற தூரம்.

ஆக்கள் எனக்குச் சொன்ன ஆறுதல் எல்லாம் ஒரே மாதிரி. பஸ்ஸை விட பிளேன்தான் பாதுகாப்பு, லட்சத்தில ஒண்டு, கோடியில ஒண்டு. அது எனக்கும் தெரியும் ராசா. தெரிஞ்சும் கை விறைக்குதே, அதுக்கென்ன செய்யிறது?

கடைசியா, மூச்சு இழுப்புக்கு மருந்து எடுக்கிற டொக்டரிட்டயே போய், நித்திரைக் குளிசை ஒண்டு தாங்கோ, ஏறினதும் படுத்திடுறன் எண்டு கேட்டன். அவர் சிரிச்சார். "ஒண்டேகால் மணித்தியாலப் பயணத்துக்கு உங்களை நித்திரையாக்கினா, அங்க இறக்கிறதுக்கு நாலு பேர் தேவைப்படும். இழுப்புக்காரருக்கு அது நல்லதும் இல்ல. முதல்ல சொல்லுங்கோ, உங்களுக்கு எது பயம்? உயரமா, அடைபட்டு இருக்கிறதா, விழுறதா?" எண்டார்.

நான் யோசிச்சன். உயரம் இல்ல, இராவணன் வெட்டில நிண்டு கீழ கடலைப் பார்க்க எனக்குக் கால் கூசுறேல்ல. அடைபட்டு இருக்கிறது? கொழும்பு பஸ்ஸில ஜன்னல் திறக்கேலாம எட்டு மணித்தியாலம் இருக்கிறன்தானே. அப்பதான் வாயில வந்திது, சத்தம் டொக்டர், அந்தச் சத்தம் மாறேக்கதான். கிபிர் குண்டு போடக் கீழ பதியேக்க சத்தம் மாறும், அது மாறினா ஓடோணும். அந்தக் காது இன்னும் அப்பிடியே இருக்கு. சொல்லி முடிய எனக்கே ஒரு மாதிரிப் போச்சு.

அவர் ரெண்டு விசயம் சொன்னார். ஒண்டு மூச்சு: நாலு எண்ணி இழுக்கிறது, ஆறு எண்ணி விடுறது, இழுக்கிறதை விட விடுறது நீளமா இருக்கோணும். பயம் வந்தா அதோட மல்லுக்கட்டாம விடச் சொன்னார், அது பத்து நிமிசத்துக்குள்ள உச்சிக்குப் போய்ப் பிறகு தானா இறங்குமாம். மற்றது, எந்தெந்தச் சத்தம் எப்ப வரும் எண்டு முன்கூட்டியே தெரிஞ்சு வைச்சிருங்கோ எண்டார். எனக்கு ரெண்டாவதுதான் வேலை செய்தது. மூச்சுப் பயிற்சி நல்லதுதான், ஆனா எண்ணிக்கொண்டிருக்கேக்க எனக்கு எண்ணிக்கை பிழைச்சிடும், பிழைச்சா அதுக்கும் ஒரு பதட்டம்.

அதுக்குப் பிறகு மூண்டு மாசம் இதுதான் வேலை. மருமகன் ஒருத்தன் யூடியூப்பில பிளேனுக்குள்ள பதிஞ்ச சத்தங்களை எடுத்துத் தந்தான், காதில ஹெட்போனைக் கொழுவிக்கொண்டு கத்தரிக்காய் வெட்டுறன், மீன் கழுவுறன். முதல் கிழமை டேக்-ஓஃப் சத்தத்தில கத்தியைப் போட்டிட்டு எழும்பிட்டன். நாலாம் கிழமை அதே சத்தத்துக்குத் தேங்காய் துருவினன். ஒவ்வொரு சத்தமும் என்ன எண்டு பைலட்மார் விளக்குற வீடியோக்களும் பார்த்து, மகளின்ர கொப்பியில ஒரு தாள் கிழிச்சு, வரிசையா எழுதினன். சனிக்கிழமைகளில மனுசன் என்னைச் சீனன்குடா ரோட்டில மோட்டச்சைக்கிளில கொண்டுபோய் நிப்பாட்டுவார், விமானப்படைப் பெடியள் பழகுற சின்னப் பிளேனுகள் எழும்பி இறங்குறதைப் பார்க்க. அந்தப் பிளேன் விழுந்து சில மாசம்தான், அந்தப் பெடியள் திரும்ப ஏறிப் பறக்கிறாங்கள். நான் முதல் நாள் ஹெல்மெட்டைக் கழட்டவே இல்ல.

ஆட்டத்துக்கு விளக்கம் தந்தது எங்கட சித்தப்பா, திருக்கடலூரில தொழில் செய்யிறவர், பிளேனில காலே வைச்சதில்ல. நான் மேல காத்தில பிளேன் ஆடுமாம் எண்டு புலம்ப, வலையைப் பொத்திக்கொண்டே கேட்டார்: "கொட்டியாரக் குடாவில லாஞ்சில போகேக்க ஆடினது தானே? அப்ப கத்தினியா?" இல்ல சித்தப்பா, அது தண்ணி. "தண்ணி ஆட்டினா போட் ஆடும், காத்து ஆட்டினா அது ஆடும். ஆடாம விறைச்சு நிண்டாத்தான் பிள்ளை முறியும்." பிறகு நான் பார்த்தன், பிளேன் செட்டையையும் அப்பிடித்தான் வளையக் கூடினதா செய்யிறாங்களாம், பறக்கேக்க வரக்கூடிய ஆகக் கூடின பாரத்தை விட ஒண்டரை மடங்கு பாரத்தை வைச்சுச் சோதிச்சுத்தான் விடுறாங்களாம். எஞ்சின் நிண்டா கல்லு மாதிரி விழும் எண்டுதான் நான் நினைச்சிருந்தன், அதுவும் பிழை. 2001 ல டொரொண்டோவில இருந்து லிஸ்பனுக்குப் போன ஒரு பெரிய பிளேனுக்கு அத்திலாந்திக்குக்கு மேல எரிபொருள் முடிஞ்சு ரெண்டு எஞ்சினும் நிண்டும், கிட்டத்தட்ட 19 நிமிசம் சும்மா சறுக்கிக்கொண்டே போய் ஒரு தீவில இறங்கியிருக்கு, 306 பேரும் தப்பிட்டினம். கோடியில ஒண்டு எண்ட கணக்கை விட அந்த 19 நிமிசம்தான் என்ர மண்டைக்குள்ள நிண்டது.

தை. திரும்பவும் அதே கேட். மனுசன் என்ர கையை விடேல்ல, அன்புக்கு எண்டு நினைக்காதேங்கோ, ஓடிடுவன் எண்டு. சீட்டை செட்டைக்குப் பக்கத்தில கேட்டு வாங்கினது, அங்க ஆட்டம் குறைவு. பெல்ட்டைப் போட்டு, தாளை மடியில விரிச்சு, பேனையையும் எடுத்து வைச்சன், கணக்குப் பிள்ளை மாதிரி.

கதவு பூட்டினாங்கள். ஏசிக் காத்து திடீரெண்டு நிண்டிது. எழுதியிருக்கு: எஞ்சின் துவங்கேக்க ஏசி கொஞ்ச நேரம் நிக்கும். சரி போட்டன். அதுக்குப் பிறகு காலுக்குக் கீழ, நிலத்துக்குள்ள, "வவ் வவ் வவ்" எண்டு நாய் குரைக்குது. உண்மையா நாய். இது ஏ320 வகைப் பிளேனில கேக்கிற சத்தம், ஹைட்ரோலிக் பக்கம் ஒரு பம்ப் தன்னைத் தானே சோதிச்சுப் பார்க்கிறதாம், செட்டைக்குக் கிட்ட இருந்தா நல்லாக் கேக்கும். முன் சீட்டில ஒரு பெடியன் எட்டிக் கீழ பார்க்கிறான். நான் சரி போட்டன், எனக்குச் சிரிப்பும் வந்திட்டுது, மூண்டு மாசமா ஹெட்போனில கேட்ட நாய் இஞ்ச உயிரோட நிக்குது.

ஓடுபாதையில எஞ்சின் இரைய, மேல பெட்டி வைக்கிற தட்டெல்லாம் கடகடக்க, நான் கண்ணை மூடிட்டன், பேனை கையில இறுகிப் போச்சு. நிலத்தை விட்டு எழும்பினது தெரிஞ்சிது. டொம்ம். சில்லு உள்ள போகுது, சரி. அதுக்குப் பிறகுதான் நான் மூண்டு மாசமா பயந்த இடம், மேல ஏறிக்கொண்டிருக்கேக்கயே எஞ்சின் சத்தம் சடாரெண்டு குறையும், வயித்துக்குள்ள ஏதோ கீழ இறங்குற மாதிரி இருக்கும். தாளில அதைச் சிவப்புப் பேனையால எழுதி வைச்சிருந்தன்: "விழேல்ல. பவரைக் குறைக்கிறாங்கள். இன்னும் ஏறுது." சத்தம் குறைஞ்சிது. 23 வயசுக் கால் ரெண்டும் எழும்பி ஓடத் துடிச்சுது, பெல்ட் விடேல்ல. நான் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசிச்சன், ஆறு தரம், ஏழு தரம், விழேல்ல, இன்னும் ஏறுது. வேர்வையில சிவப்பு மை பரவி விரலெல்லாம் குங்குமம் மாதிரி. பிறகு ஒரு "டிங்". மனுசன் காதில மெதுவா, "இஞ்ச, அந்த டிங்குக்கும் சரி போடு" எண்டார்.

பயம் போச்சுதா எண்டா போகேல்ல. நடுவில கடலுக்கு மேல முகிலுக்குள்ள ஆடினது, சித்தப்பாவை நினைச்சுக்கொண்டு கிடந்தன், தந்த பனிசைத் தொடவும் இல்ல. இறங்கேக்க ஒரு முறை செட்டை மேல தகடுகள் நிமிர்ந்து உடம்பெல்லாம் அதிர, அதை எழுத மறந்திட்டன், அந்த ரெண்டு நிமிசமும் மனுசன்ர கையில என்ர நகம் பதிஞ்ச அடையாளம் கலியாண போட்டோவிலயும் தெரியும். வெளிய அண்ணா நிண்டார், என்னைக் கண்டதும் "காய்ச்சல் மாறிட்டுதா?" எண்டு கேட்டார். எல்லாம் தெரிஞ்சிருக்கு அண்ணாக்கு.

திரும்பி வரேக்க எங்கட வரிசையில ஒரு அம்மா, எழுபது வயசிருக்கும், வவுனியாவாம், முதல்முதலா மகளிட்ட வந்து திரும்பிறவ, வரேக்க மருமகன் கூட வந்தவராம், இப்ப தனிய. கந்தசஷ்டியைச் சொல்லிக்கொண்டு முந்தானையை முறுக்கிறா. நான் அந்தச் சிவப்பு மை பரவின தாளை எடுத்துக் குடுத்தன். அவ கண்ணாடியைப் போட்டு, விரலால ஒவ்வொரு வரியாத் தொட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்விட்டு வாசிச்சா. கதவு பூட்டினாங்கள், ஏசி நிண்டிது.

"பிள்ளை," எண்டா, "இனி நாயோ?"

"ஓமம்மா. இப்ப குரைக்கும்."