வம்சாவளி மாறும் இடம், குறுக்கேற்றம் நடந்த இடம்

ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவரின் குரோமோசோமில் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளித் துண்டும் ஐரோப்பியத் துண்டும் மாறி மாறி வரும். ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் ஒவ்வொரு இடமும், கலப்புக்குப் பின் ஏதோ ஒரு தலைமுறையில் நடந்த குறுக்கேற்றத்தின், அதாவது இணைக் குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொண்டதன் தடம். 2011-இல் இதை வைத்தே இரண்டு குழுக்கள் மறுசேர்க்கை வரைபடம் (குரோமோசோமில் எங்கெங்கே எவ்வளவு குறுக்கேற்றம் நடக்கிறது என்ற படம்) தயாரித்தன. ஒரு குழு, ஒவ்வொரு துண்டின் வம்சாவளியையும் கணிக்கும் ஹேப்மிக்ஸ் நிரலைக் கொண்டு 29,589 பேரிடமிருந்து சுமார் 21 லட்சம் குறுக்கேற்றங்களை எடுத்தது. ஆளுக்கு எழுபது சொச்சம்தான் வருகிறது. காரணம் எளிது: ஒரே வம்சாவளித் துண்டுகளுக்குள் நடந்த குறுக்கேற்றம் கண்ணில் படாது. கலப்பு 80:20 என்றால் 2 × 0.8 × 0.2, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே தெரியும்.

உண்மையான சிக்கல், எல்லை எங்கே என்பது. பக்கத்துப் பக்கத்து எஸ்என்பிகளில் (ஆளுக்கு ஆள் டிஎன்ஏவின் ஓர் எழுத்து மாறும் இடங்களில்) இரு வம்சாவளிகளும் ஒரே எழுத்தைக் கொண்டிருந்தால், எல்லை பல பத்து கிலோபேஸுக்குள் (ஒரு கிலோபேஸ் ஆயிரம் டிஎன்ஏ எழுத்து) எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். குறுக்கேற்றம் செறிந்து நடக்கும் ஹாட்ஸ்பாட்டோ ஏறக்குறைய 2 கிலோபேஸ் அகலம்தான். ஆகவே இடைவெளியின் நடுப்புள்ளியைக் குறுக்கேற்றமாக எழுதிவிடாதீர்கள். ஹாட்ஸ்பாட் முழுவதும் கரைந்துபோகும். நிரலுக்குள் இருக்கும் புள்ளியியல் மாதிரி தரும் நிகழ்தகவை ஒவ்வொரு எஸ்என்பி இடைவெளிக்கும் பகிர்ந்து, பல ஆயிரம் பேருடையதைக் கூட்டினால்தான் கூர்மை வரும்.

இன்னொரு பொறி உண்டு. அந்த மாதிரிக்கே, அதாவது கண்ணுக்குத் தெரியாத வம்சாவளியை எஸ்என்பி வரிசையிலிருந்து ஊகிக்கும் மறை மார்கோவ் மாதிரிக்கே, உள்ளீடாக ஒரு மறுசேர்க்கை வரைபடம் வேண்டும். அங்கே நுண்ணிய வரைபடத்தைக் கொடுத்தால் அதுவே விடையாகத் திரும்பி வரும். சீரான வீதத்தைக் கொடுத்தும் ஒருமுறை ஓட்டி, இரண்டு முடிவுகளையும் ஒப்பிடுவதை நான் கட்டாயம் என்பேன்.

ஒரே இடத்தில் குரோமோசோம் இணையின் ஒரு பிரதி ஆப்பிரிக்கத்திலிருந்து ஐரோப்பியத்துக்கும் இன்னொன்று எதிர்த்திசையிலும் மாறினால், பெரும்பாலும் அது ஃபேசிங் பிழை (எந்த எழுத்து எந்தப் பிரதியில் என்று பிரித்ததில் வந்த தவறு), நீக்குங்கள். உறவினர்களிடம் ஒரே எல்லை திரும்பத் திரும்ப வந்தால் அது ஒரே மூதாதையின் குறுக்கேற்றம். ஒருமுறைதான் எண்ண வேண்டும்.

இத்தனை உழைப்புக்கும் பலன் பிஆர்டிஎம்9 மரபணுவில் தெரிகிறது. ஹாட்ஸ்பாட் எங்கே விழும் என்பதை அதன் புரதம் எந்த டிஎன்ஏ வரிசையில் ஒட்டுகிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியில் அதிகம் உள்ள அதன் வடிவங்கள் 17 எழுத்து கொண்ட வேறொரு வரிசையை நாடுகின்றன. எனவே ஐரோப்பியக் குடும்பங்களிலிருந்து எடுத்த வரைபடத்தை ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு அப்படியே பயன்படுத்துவது நுண்ணிய அளவில் தவறு. ஆனால் மெகாபேஸ் (பத்து லட்சம் எழுத்து) அளவில் இரண்டும் நன்றாக ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத பகுதி கிடைத்தால், முதலில் அது சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இடுக்கு) ஓரமா, நோய் எதிர்ப்பு மரபணுக்கள் உள்ள எச்எல்ஏ பகுதியா, 8-ஆம் குரோமோசோமில் சிலரிடம் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கும் இடமா என்று பாருங்கள்.