இரண்டு ஃப்ளெக்ஸ் உள்ள லீக்குக்கு டிராஃப்ட் பட்டியல் போட்ட அனுபவம்

டாலஸில் எங்கள் ஆபீஸ்காரர்கள் 12 பேர் சேர்ந்து நடத்தும் ஃபேன்டஸி ஃபுட்பால் லீக்கில் இந்த சீசனுக்கு விதி மாறியது. என்எஃப்எல் எனப்படும் அமெரிக்க ஃபுட்பால் லீக்கின் நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்கொருவராக முறை வைத்து எடுத்து (இதுதான் டிராஃப்ட்) அணி அமைப்போம்; அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதை வைத்து நமக்குப் புள்ளி. ஒரு குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்), இரண்டு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), இரண்டு வைட் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்), ஒரு டைட் எண்ட் (எதிரணியைத் தடுப்பதோடு பந்தையும் பிடிப்பவர்), அதற்கு மேல் இரண்டு ஃப்ளெக்ஸ். ஃப்ளெக்ஸில் ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் யாரை வேண்டுமானாலும் இறக்கலாம். ஒவ்வொரு கேட்ச்சுக்கும் அரைப் புள்ளி. 10 யார்டுக்கு 1 புள்ளி, டச் டவுனுக்கு (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுபோவதற்கு) 6 என்பதெல்லாம் வழக்கம்போலத்தான்.

இந்த மாதிரி லீக்கில் ரன்னிங் பேக்குக்கு ஒரு பட்டியல், ரிசீவருக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாக வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால், நம் முறை வரும்போது கை ஓடாது. பதினைந்தாவது ரன்னிங் பேக்கா, பதினெட்டாவது ரிசீவரா என்ற கேள்விக்குத் தனிப் பட்டியலில் பதில் கிடையாது. எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும். அதற்கு மொத்தப் புள்ளியை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் மேலே முழுக்க குவாட்டர்பேக்குகள்தான் வந்து நிற்பார்கள். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் கடைசியாகக் களமிறங்கும் ஆளைக் கண்டுபிடித்து, அவரைவிட ஒருவர் எவ்வளவு கூடுதலாகத் தருவார் என்று பார்க்க வேண்டும். அந்தக் கடைசி ஆள் யார் என்பதில்தான் ஃப்ளெக்ஸ் வந்து குழப்புகிறது.

நான் செய்தது இதுதான். ஆட்டக்காரர்களின் உத்தேசப் புள்ளிகளை எங்கள் விதிப்படி ஒரு ஷீட்டில் கணக்கிட்டேன். 12 அணிக்கு நிரந்தர இடங்கள்: 24 ரன்னிங் பேக், 24 ரிசீவர், 12 டைட் எண்ட். அவர்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சம் இருந்த மூன்று வகையினரையும் ஒன்றாகக் கலந்து புள்ளிப்படி அடுக்கி, முதல் 24 பேரை மட்டும் வைத்துக்கொண்டேன். ரிசர்வேஷன் பெட்டிகள் நிரம்பிய பிறகு பொதுப் பெட்டியில் யார் ஏறுகிறார்கள் என்று பார்ப்பது போலத்தான். அந்த 24 பேரில் ஒவ்வொரு வகையிலும் எத்தனை பேர் என்று எண்ணினால் கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும்.

கோடு போட்ட பிறகு ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. ஃப்ளெக்ஸில் கடைசியாக ஏறும் ரன்னிங் பேக்கும், கடைசியாக ஏறும் ரிசீவரும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் நிற்கிறார்கள். நின்றுதான் ஆக வேண்டும். ஒருவர் கூடுதலாக இருந்தால் இன்னொருவரைத் தள்ளிவிட்டு ஏறியிருப்பாரே. அப்படியானால் இந்த இரண்டு வகைக்கும் கழிக்க வேண்டிய எண், அதாவது அந்தக் கடைசி ஆளின் புள்ளி, ஒன்றுதான். எனவே ரன்னிங் பேக்கையும் ரிசீவரையும் நேரடியாகப் புள்ளியை வைத்தே ஒப்பிட்டுவிடலாம். 'ரன்னிங் பேக் அரிது, முதலில் பிடி' என்று பல வருடமாகச் சொல்லி வரும் பேச்சுக்கு இரண்டு ஃப்ளெக்ஸ் உள்ள லீக்கில் பெரிய வேலை இல்லை என்பது என் முடிவு. காயத்துக்காக பெஞ்சில் ஒரு ரன்னிங் பேக்கைக் கூடுதலாக வைத்துக்கொள்வது வேறு விஷயம்.

அடுத்தது கேட்ச் புள்ளி. இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும். 2021இல் ரிசீவர் கூப்பர் கப் 145 கேட்ச், 1947 யார்டு, 16 டச் டவுன். 2023இல் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி ஓடியும் பிடித்தும் 2023 யார்டு, 21 டச் டவுன், 67 கேட்ச். ஃபம்பிள் (கையிலிருக்கும் பந்தை நழுவவிடுவது) போன்ற உதிரிகளை விட்டுவிடுவோம். கேட்ச்சுக்குப் புள்ளியே இல்லாத லீக்கில் மெக்காஃப்ரி 328.3, கப் 290.7. கேட்ச்சுக்கு முழுப் புள்ளி என்றால் கப் 435.7, மெக்காஃப்ரி 395.3. அரைப் புள்ளியில்? கப் 363.2, மெக்காஃப்ரி 361.8. கிட்டத்தட்ட சமம். ஆட்டக்காரர்கள் அதே ஆட்டக்காரர்கள், ஆட்டமும் அதே ஆட்டம், ஷீட்டில் ஒரே ஒரு கட்டத்தை மாற்றினால் வரிசை தலைகீழாகிறது. அதனால்தான் நெட்டில் கிடைக்கும் ரேங்கிங்கை அப்படியே எடுத்துக்கொண்டு டிராஃப்டுக்குப் போகாதீர்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அது யாருடைய விதிக்குப் போட்டதோ.

டைட் எண்ட் கதை தனி. ஃப்ளெக்ஸ் கூட்டத்துக்குள் இவர்கள் அதிகம் வருவதில்லை என்பதால் இவர்களுக்கான கோடு பன்னிரண்டாவது ஆளைச் சுற்றியே, மற்ற இரண்டு வகையைவிடத் தாழ்வாக விழும். ஆகவே உச்சியில் ஒருவர் மட்டும் தனித்து நின்றால் அவர் மதிப்பு ஒரேயடியாக ஏறும். 2022இல் டிராவிஸ் கெல்சி 110 கேட்ச், 1338 யார்டு, 12 டச் டவுன். எங்கள் விதிப்படி 260.8. அதே ஆண்டு ஜார்ஜ் கிட்டில் 60 கேட்ச், 765 யார்டு, 11 டச் டவுனோடு 172.5. கிட்டிலுக்கு அது நல்ல ஆண்டு, அப்படியும் 88 புள்ளி வித்தியாசம். அப்படி ஒருவர் இல்லாத சீசனில் டைட் எண்டை நான் தாராளமாகத் தள்ளிப் போடுவேன்.

குவாட்டர்பேக் எங்கள் ஃப்ளெக்ஸில் வர முடியாது. அதனால் 12 பேர்தான் களத்தில், அவசரமே இல்லை. குவாட்டர்பேக்கையும் ஃப்ளெக்ஸில் இறக்கலாம் என்ற சூப்பர்ஃப்ளெக்ஸ் லீக் என்றால் கதையே வேறு. 12 அணியும் இருவரை இறக்கினால் 24 பேர். என்எஃப்எல்லில் இருப்பதோ 32 அணி, அணிக்கு ஒரு குவாட்டர்பேக்தான் ஸ்டார்ட்டர். பை வீக்குக்காக (ஒரு அணிக்கு ஆட்டமே இல்லாத வாரம்) ஒவ்வொருவரும் மூன்றாவது ஆளைத் தேடினால் 36 பேர் வேண்டும். அத்தனை ஸ்டார்ட்டர்கள் கிடையவே கிடையாது.

பட்டியல் முடிந்ததும் புள்ளி சட்டென்று இறங்கும் இடங்களில் கோடு போட்டு அடுக்குகளாகப் பிரித்தேன். பக்கத்திலேயே அந்த ஆட்டக்காரர் சராசரியாக எத்தனையாவதாக எடுக்கப்படுகிறார் என்ற ஏடிபி எண். ஸ்னேக் டிராஃப்டில் (சுற்றுக்குச் சுற்று எடுக்கும் வரிசை தலைகீழாகும்) எனக்கு எட்டாவது இடம். அதாவது 8, 17, 32, 41. பதினேழுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே 14 பேர் போய்விடுவார்கள். பதினேழாவது பிக்கில் என் பட்டியலின் உச்சியில் ஒரு ரன்னிங் பேக் இருந்தார். அதே அடுக்கில் இன்னும் சில ரன்னிங் பேக்குகள் ஏடிபிப்படி நாற்பதாவது பிக்குக்குப் பிறகுதான் போவார்கள். ரிசீவரில் அந்த அடுக்கில் ஒருவர்தான் மிச்சம். ரிசீவரை எடுத்தேன். 32இல் அந்த ரன்னிங் பேக்குகளில் ஒருவர் எனக்காகவே காத்திருந்த மாதிரி கிடைத்தார். 60 விநாடி கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது யோசிக்காமல் எடுக்க முடிந்ததற்கு அந்தக் கோடுகள்தான் காரணம்.

சீசன் தொடங்கிய பிறகு அந்த வாரம் யாரை எந்த இடத்தில் இறக்குவது என்று அடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வியாழக்கிழமை ஆடுபவரை ஃப்ளெக்ஸ் இடத்தில் போடாதீர்கள். அவருடைய சொந்த இடத்தில் போடுங்கள். ஆட்டம் தொடங்கியதும் அந்த இடம் பூட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை கிக்ஆஃபுக்கு 90 நிமிடம் முன்பு ஆடாதவர்கள் பட்டியல் வெளிவந்து, உங்கள் ரிசீவர் அதில் இருந்தால், ஃப்ளெக்ஸ் திறந்திருக்கும்வரை பெஞ்சிலிருந்து எந்த வகை ஆளையும் இறக்கலாம். அதைப் பூட்டிவிட்டால் ரிசீவருக்கு ரிசீவர்தான்.