முந்நூறு கான்கிரீட், அறுபது ஓடு: காரைக்குடிப் பக்கம் ஒரு சுவரைத் தேடி

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். செட்டிநாட்டுக்கு எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, என்ன செலவாகும் என்று வரிசையாக எழுதித் தருவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதெல்லாம் நடுநடுவே வரும். இப்போதைக்கு மண்டையில் ஓடுவது ஒரு சுவர்தான்.

பள்ளத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் சின்னம்மா தனியாக இருக்கிறார். குடிசையை மாற்றிக் கட்ட, தமிழக அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் அவருக்கு ஆணை வந்திருக்கிறது. மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரைதான் போட வேண்டும். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு ஏதாவது போட்டுக்கொள்ளலாம். மண் சுவர் கூடவே கூடாது. சின்னம்மாவின் கொல்லையிலோ, இடிந்துபோன பழைய வீட்டின் செம்பூராங்கல் (மண்ணுக்குள்ளிருந்து வெட்டியெடுக்கும் சிவப்புக் கல்) ஒரு லாரி அளவுக்குக் குவிந்து கிடக்கிறது. "இந்தக் கல்ல வச்சே செவரு எழுப்பலாம்லப்பா? நீ நாலு எழுத்துப் படிச்சவன், வந்து பேசு" என்று போனில் கூப்பிட்டார். மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். மேலூர், திருப்பத்தூர் எல்லாம் தூக்கத்தில் போயின.

காரைக்குடியில் இறங்கியதும் நேராக ஆத்தங்குடி. தரைக்கு டைல் விலை விசாரிக்க வேண்டும். ஆட்டோக்காரர் போக வர எண்ணூறு என்றார், சரி என்றேன். திரும்பி வந்து பணத்தை நீட்டினால், "வெயிட்டிங் நானூறுண்ணே" என்கிறார். முக்கால் மணி நேரத்துக்கு நானூறு! "பங்களா பாக்க வர்றவுங்க குடுக்குறதுதானேண்ணே" என்று சமாதானம் வேறு. நான் பங்களா பார்க்க வரவில்லை, தரைக்கு டைல் தேடி வந்தவன் என்று சொன்னால் நம்பவில்லை. தோளில் தொங்கிய கேமரா காட்டிக்கொடுத்துவிட்டது. கடைசியில் இருநூறு கூடக் கொடுத்தேன். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசிவிட்டு ஏறுங்கள். வெளியூர்க்காரன் என்றால் ஒரு விலை என்பது இந்த ஊர் மரியாதைக்கு அழகில்லை.

ஆனால் பட்டறை அந்த எரிச்சலை ஆற்றிவிட்டது. ஒரு கண்ணாடித் தகடு, அதைச் சுற்றி இரும்புச் சட்டம், உள்ளே பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் சாயக் கலவையைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார் ஒரு பெரியவர். கை நடுங்கினால் பச்சையும் சிவப்பும் கலந்துவிடும்; அவருக்கு நடுங்கவில்லை. அச்சைத் தூக்குகிறார், பூ அப்படியே நிற்கிறது. மேலே உலர்ந்த சிமென்ட்டையும் மணலையும் தூவி, ஈரத்தை உறிஞ்சவிட்டு, அப்புறம் கெட்டிக் கலவையைப் போட்டு அழுத்தி மட்டம் செய்கிறார். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியைப் பிரித்தால் பளபளப்பு தானாக வந்திருக்கிறது. சூளையே கிடையாது. 'இயற்கை டைல்' என்று சிலர் விற்பது மட்டும் அபத்தம். உள்ளே இருப்பது சிமென்ட்டேதான். சுடுவதற்கு விறகு செலவாகவில்லை என்பதைச் சொன்னாலே போதுமே.

டைல் விலையைவிட வண்டி வாடகைதான் பயமுறுத்தியது. ஒரு மூலையில் மிச்சம் விழுந்த டைல்கள் கிடந்தன, இரண்டு மூன்று டிசைன் கலந்து. 60 சதுர அடிக்கு அது தாராளம், விலையும் குறைவு. முன்பணம் கொடுத்துவிட்டேன். ஏன் 60 என்பது பின்னால் வரும்.

சாப்பாடு பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். காரைக்குடியில் பெயர்ப்பலகை மங்கிப்போன ஒரு மெஸ். உப்புக்கறி என்று வைத்தார்கள்: ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், அவ்வளவுதான். 'செட்டிநாடு மசாலா' என்று மதுரையில் நம் தலையில் கட்டும் சிவப்புக் குழம்புக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அரிசி களைந்த தண்ணீரில் செய்த வெண்டைக்காய் மண்டியை இரண்டு முறை கேட்டு வாங்கினேன். ஆட்டோவுக்கு அழுததில் பாதிகூட ஆகவில்லை.

கானாடுகாத்தான் வழியாகத்தான் பஸ். 1912இல் கட்டிய அரண்மனை, வரிசை வரிசையாக வீடுகள். இந்த ஊர்களை 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். இந்தச் சுவர்களில் இருப்பது செங்கல்லும் சுண்ணாம்பும். மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய். இன்றைக்கும் தடவினால் கை வழுக்குகிறது. பெரிய வீட்டில் பழைய பொருள் இருந்தால் அது பாரம்பரியம். சின்னம்மா வீட்டில் இருந்தால் மட்டும் அது விதிமீறலா?

சின்னம்மா வீட்டில் கொத்தனார் காத்திருந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். குவியலிலிருந்து ஒரு கல்லைப் புரட்டி, கரண்டிக் காம்பால் தட்டிக் காட்டினார். "தம்பி, மண்ணுக்குள்ள வெட்டுறப்ப வெண்ணெயா இருக்கும். காத்துப் பட்டாத்தான் இறுகும். இது நம்ம தாத்தா காலத்துலயே இறுகிருச்சு." ஓட்டை ஓட்டையாக, துருவேறிய சிவப்பில் இருக்கிறது கல். ஓட்டைகளுக்குள் பழைய சுண்ணாம்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றினார். கரையவில்லை, உதிரவில்லை.

மறுநாள், திட்ட வேலையைப் பார்வையிடும் ஓவர்சியர் வந்தார். நல்ல மனிதர்தான், அதைச் சொல்லிவிடுகிறேன். நான் தயாராகப் போயிருந்தேன். செம்பூராங்கல் கட்டுமானத்துக்கே இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது, ஐஎஸ் 3620. சிமென்ட் கலந்து அழுத்திய மண் கல்லுக்கு ஐஎஸ் 1725. மண் வீட்டை நிலநடுக்கம் தாங்கும்படி கட்டுவதற்கு ஐஎஸ் 13827. எல்லாம் சொன்னேன். "சார், கல்லு நல்ல கல்லுதான். ஆனா மாதிரி எஸ்டிமேட்ல செங்கல்தான் இருக்கு. செவரு வேற மாதிரி இருந்தா மேல கேப்பாங்க, அம்மாவுக்குத் தவணை நிக்கும்" என்றார். தவணை நின்றால் சின்னம்மா யாரிடம் போய்க் கடன் கேட்பார்? அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆக, சட்டம் கல்லைத் தடுக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறவருக்கு வரும் பயம்தான் தடுக்கிறது. மண் சுவருக்குத் தடை போட்டதில்கூட ஒரு நியாயம் உண்டு: மழையில் விழும் சுவரால் ஆட்கள் சாகிறார்கள். அதற்காக மழையில் கரையும் பச்சை மண்ணும், அளந்து சிமென்ட் கலந்து அழுத்திய மண் கல்லும் ஒன்றாகிவிடுமா?

கொத்தனார்தான் முடிச்சை அவிழ்த்தார். "அஸ்திவாரத்துல கல்லு போட்டா யாரும் கேக்க மாட்டாங்கல்ல சார்?" ஓவர்சியர் சிரித்துவிட்டு, அது தாராளமாகப் போடலாம் என்றார். சுவரையே தாங்க அந்தக் கல்லை நம்பலாமாம், சுவராக நிற்க மட்டும் நம்பக்கூடாதாம்!

சுவருக்குச் செங்கல், ஆனால் எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்கவைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டு அடுக்குவது. கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் பரப்பிய முறை. ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம், சூடும் உள்ளே குறைவாக இறங்கும். கூரைக்கும் பேக்கர் வழிதான். பழைய நாட்டு ஓடுகளைக் கம்பிக் கட்டங்களுக்கு நடுவில் வைத்துக் கான்கிரீட் ஊற்றிவிடுவது. தளத்தின் அடிப்பக்கம் இழுவையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை, அந்த இடத்தை ஓடு அடைத்துக்கொள்ளும். மேலே ஏறிப் பார்க்கிறவருக்குக் கான்கிரீட், கீழே படுத்திருக்கும் சின்னம்மாவுக்கு ஓடு. கம்பி அளவைப் பொறியாளர் ஒருவர் பார்த்து எழுதித் தந்தால் சம்மதம் என்றார் ஓவர்சியர். அந்தச் செலவு என் தலையில்.

அந்த 60 சதுர அடிக்கு வருகிறேன். அதுதான் திண்ணை. மேலே நாட்டு ஓடு, ஓரச் சுவருக்கு மிச்சமிருக்கும் செம்பூராங்கல், தரைக்கு ஆத்தங்குடி டைல். தூண்தான் பிரச்சினை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், இடித்த வீடுகளின் கதவும் தூணும் விற்கிறார்கள் என்று ஆசையாகப் போனேன். ஒரு தேக்குத் தூணுக்குக் கடைக்காரர் சொன்ன விலைக்கு எங்கள் திண்ணையையே கட்டி முடித்துவிடலாம். அங்கேயும் கேமராவைப் பையில் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

பனங்கட்டையே போதும் என்கிறார் கொத்தனார், சின்னம்மாவுக்குக் கல் தூண் வேண்டுமாம். அடுத்த மாதம் கடைக்கால் தோண்டுவதற்குள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். டைலைக் கொண்டுவர, காரைக்குடியில் குட்டியானை வண்டிக்கு வாடகை குறைவாகக் கேட்கும் ஆள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.